ஒட்டு வைத்த கருவி: இரும்பின் பதமும் சட்டத்தின் காப்பும்

கைக்கருவி என்பது மனிதனின் கைவிசையால் இயங்குவது. ஒரு குறிப்பிட்ட வேலையைக் கருதி அளவும் எடையும் பதமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுச் செய்யப்படுவது. அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, சம்மட்டி, உளி, ஸ்பானர் அனைத்தும் இந்த வரையறைக்குள் அடங்கும். இவ்வாறு செய்து முடிக்கப்பட்ட கருவியோடு பின்னர் ஒரு குழாயையோ கொக்கியையோ மற்றொரு கருவியின் தலையையோ வெல்டிங் மூலம் இணைத்துக்கொள்வது தென்னிந்தியக் கிராமப்புறப் பட்டறைகளின் அன்றாட வேலைகளுள் ஒன்று. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிவரும் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியில், மானாவாரி வேளாண்மை, புளி, மா, பட்டுப்புழுவுக்கான மல்பெரி, கருங்கல் வேலை, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றைச் சார்ந்து வாழும் ராமகுப்பம் போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல.

ஒட்டு வைப்பதால் கருவியின் உருவம் மாறுவதைப் பலரும் காண்கிறார்கள். அதனோடு சேர்ந்து மாறும் வேறு இரண்டைக் காண்பவர் குறைவு. பற்றவைப்பின் சூட்டில் இரும்பு தன் பதத்தை இழக்கிறது என்பது ஒன்று. வாங்கிய பொருளுக்குச் சட்டம் அளித்திருந்த பாதுகாப்பு அந்த ஒட்டோடு கைமாறிவிடுகிறது என்பது மற்றொன்று. இவ்விரு மாற்றங்களையும் அறிந்து செய்தால் ஒட்டு வைத்த கருவி உழைப்பவருக்குத் துணையாக நிற்கும். அறியாமல் செய்தால் கையையும் கண்ணையும் சில வேளைகளில் உயிரையும் பறித்துவிடும்.

மாற்றம் கேட்பவரின் நியாயம்

கருவியை மாற்றியமைக்க நினைப்பவரைக் குறைகூறுவது முறையாகாது. கடையில் கிடைக்கும் களைக்கொத்தும் மண்வெட்டியும் ஒரே அளவில் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றைப் பிடிக்கும் கைகளோ ஒரே அளவில் இல்லை. நிலக்கடலைக் கொல்லையில் நாள் முழுவதும் குனிந்து களை எடுக்கும் பெண்ணுக்கு நீண்ட காம்பு வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கும் விரல் இழந்தவருக்கும் வேறு பிடி வேண்டும். இத்தேவைகளுக்குப் பட்டறையே விடை தருகிறது என்பதால் அங்கு நடக்கும் மாற்றங்களில் பல பயனுள்ளவை, சில கண்டுபிடிப்பு என்றே சொல்லத்தக்கவை. இத்தகைய ஊர்ப்புறக் கண்டுபிடிப்புகளை இனங்கண்டு ஆதரிக்க 2000ஆம் ஆண்டில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை நிறுவப்பட்டது. தெலுங்கு மாநிலங்களில் பல்லெ ஸ்ருஜனா என்ற தன்னார்வ அமைப்பும் இதே பணியைச் செய்துவருகிறது. தமது கருவி உண்மையிலேயே புதிது என்று கருதுபவர், அதைச் சந்தையில் விற்பதற்கும் பலர் அறியக் காட்டுவதற்கும் முன்னரே இத்தகைய அமைப்புகளை அணுகுவது நல்லது. ஏனெனில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் புதுமையை அடிப்படைத் தகுதியாகக் கேட்கிறது, ஊரறிந்துவிட்ட பொருளுக்குப் பொதுவாக அந்தத் தகுதி கிடைப்பதில்லை.

எனவே எந்த இரும்பில், எந்த முறையில், யாருடைய பொறுப்பில் மாற்றுவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சூட்டில் கரையும் பதம்

பொதுவழக்கில் இரும்பு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் எஃகே. அதாவது இரும்போடு சிறிதளவு கரி கலந்த உலோகம். கரியின் அளவு ஏறக்குறைய 0.25 சதவீதத்துக்குள் இருந்தால் அது மென்னெஃகு. கிராதி, சன்னல் கம்பி, சாதாரணக் குழாய் ஆகியவை இவ்வகை. வெட்டும் கருவிகளுக்கும் முடுக்கும் கருவிகளுக்கும் இதைவிடக் கரி மிகுந்த எஃகு தேவைப்படுகிறது. கொல்லர்கள் அரிவாளும் கொடுவாளும் அடிக்க விரும்பி எடுக்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கரி 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். அரத்தில் அது 1 சதவீதத்தையும் தாண்டும். நல்ல ஸ்பானர்கள் குரோமியமும் வெனேடியமும் கலந்த எஃகில் செய்யப்படுகின்றன.

இந்த எஃகு வகைகளுக்கு வலிமை தருவது அவற்றுக்கு ஊட்டப்பட்ட பதம். காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகி, அதேபோல் உடையும் தன்மையும் பெறுகிறது. பின்னர் அதை மறுபடி மிதமாகச் சூடாக்கும்போது கடினம் சற்றுக் குறைந்து, உடையாத உறுதி வந்து சேர்கிறது. முதற்செயலைத் தோய்ச்சல் என்றும் அடுத்ததைப் பதம் வாங்குதல் என்றும் சொல்லலாம். பதம் வாங்கும் வெப்பம் கருவிக்குக் கருவி வேறுபட்டாலும், பெரும்பாலும் 200 முதல் 500 டிகிரி செல்சியஸ் என்ற எல்லைக்குள் அமைகிறது.

வெல்டிங்கின் மின்வில் 5,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் உடையது. எஃகு உருகுவதோ ஏறத்தாழ 1,500 டிகிரியில். வெல்டிங் ராடு தொட்ட இடம் உருகி இணையும்போது அதையடுத்த சில மில்லிமீட்டர் பகுதி உருகாமலே செஞ்சூடேறி, சூழ்ந்திருக்கும் குளிர்ந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் நொடிகளில் ஆறிவிடுகிறது. கொல்லன் தண்ணீரில் தோய்த்ததற்கு இணையான மாற்றம் அங்கே நிகழ்கிறது. ஆனால் அதைத் தொடர்ந்து வரவேண்டிய பதம் வாங்கும் வேலை மட்டும் நடப்பதில்லை. இவ்வாறு ஒட்டின் விளிம்பு கண்ணாடிபோல் நொறுங்கத்தக்கதாகவும், அதற்கு அப்பால் உள்ள பகுதி பதம் இழந்து மெலிந்ததாகவும் மாறி, ஒரே கருவிக்குள் மூன்று வகை இரும்பு அருகருகே நிற்கிறது. இம்மாற்றத்துக்கு உள்ளாகும் இடத்தை வெப்பம் பாதித்த பகுதி என்பர். ஒட்டு வைத்த கருவிகள் பெரும்பாலும் ஒட்டில் முறியாமல் ஒட்டின் ஓரத்தில் முறிவதற்கு இதுவே காரணம்.

கொடுவாள் ஒன்றை எமரித் தாளால் துடைத்துப் பளபளப்பாக்கிய பின் ஒட்டு வைத்துப் பார்த்தால் இதன் அடையாளத்தைக் கண்ணாலேயே காணலாம். ஒட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்லச் சாம்பல், நீலம், ஊதா, வைக்கோல் மஞ்சள் என்று நிறங்கள் பட்டை பட்டையாக இறங்கிவரும். வைக்கோல் மஞ்சள் சுமார் 230 டிகிரியையும் நீலம் சுமார் 300 டிகிரியையும் அந்த இரும்பு தொட்டதற்கான சான்று. நீலப் பட்டை வெட்டுவாய்வரை நீண்டிருந்தால், அந்த வாயின் கூர்மை இனி நிற்காது. சாணை பிடித்த மறுநாளே மழுங்கும்.

நிறத்தில் தெரியாத கேடும் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஈரம் கோத்த ராடினால் வெல்டிங் வைக்கும்போது ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் நுழைந்து, அது ஆறிய பிறகும் மெல்ல இடம்பெயர்ந்து, சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாட்கள் வரை கழித்து உள்ளிருந்தே விரிசலை உண்டாக்குகிறது. பட்டறை வாசலில் ஓங்கி அடித்துப் பார்த்தபோது உறுதியாக நின்ற கருவி, மூன்றாம் நாள் கொல்லையில் எளிய வேலைக்கே முறிந்து விழுவது இதனால்தான்.

ஸ்பானரும் சம்மட்டியும்

ஸ்பானரின் நீளம் ஏதோ வசதிக்காக வைக்கப்பட்டதல்ல. அதன் வாய் தாங்கும் முறுக்குவிசைக்கு ஏற்பவே காம்பின் நீளம் கணக்கிடப்படுகிறது. 25 சென்டிமீட்டர் ஸ்பானரில் அரை மீட்டர்க் குழாயை ஒட்டி 75 சென்டிமீட்டராக்கினால், கை தரும் அதே விசை மூன்று மடங்கு முறுக்காகிறது. துருப்பிடித்த போல்ட் அசைந்து கொடுத்தால் நல்லது. கொடுக்காதபோது போல்ட்டின் தலையோ ஸ்பானரின் வாயோ ஒட்டின் ஓரமோ மூன்றில் மெலிந்தது எதுவோ அது முறிகிறது, முழு உடற்பலத்தையும் அதன்மேல் சாய்த்திருந்தவர் நிலைதடுமாறி விழுகிறார். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலேற்றும் வேலையில், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள குழாய்வரிசை பைப் ரென்ச்சின் பிடியில் தொங்கும் கணத்தில் இப்படி நேர்ந்தால், சுற்றி நிற்கும் அனைவருக்கும் அது ஆபத்து.

சம்மட்டி, சுத்தியல், உளி ஆகியவற்றின் அடிக்கும் முகமும் பதமூட்டப்பட்டதே. மரக்காம்பு அடிக்கடி கழல்கிறதென்று சம்மட்டித் தலையில் இரும்புக் குழாயை வெல்டிங் வைப்பதால் இரண்டு தீங்குகள் விளைகின்றன: தலையில் நேரும் நுண்விரிசல் அடியின்போது சில்லாகப் பெயர்ந்து கண்ணில் பாய்கிறது, மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த அதிர்வு முழுவதும் இரும்புக் காம்பு வழியே மணிக்கட்டுக்கும் தோளுக்கும் ஏறுகிறது. குப்பம் பகுதியின் கருங்கல் வேலைபோல நாள் முழுவதும் அடி விழும் தொழிலில் இவ்விரண்டும் ஒருவரை முடமாக்கப் போதுமானவை.

பைப் துறட்டியும் மின்கம்பியும்

ஒட்டு வைத்த கருவிகளிலேயே மிகுதியும் அஞ்சத்தக்கது குழாயில் அரிவாள் பொருத்திய துறட்டி. தொரட்டி, அலக்கு என்றெல்லாம் வழங்கும் இக்கருவி முன்பு மூங்கிலில்தான் இருந்தது. புளி உலுக்கவும் மாங்காய் பறிக்கவும் ஆட்டுக்குத் தழை அறுக்கவும் அது பயன்பட்டது. நல்ல மூங்கில் கிடைப்பது அரிதான பிறகு ஜி.ஐ. பைப்பின் நுனியில் அரிவாளை வெல்டிங் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. குழாய் உளுத்துப்போகாது, வளையாது. ஆனால் மின்சாரத்தை உச்சியிலிருந்து உள்ளங்கைவரை தடையின்றிக் கொண்டுவந்து சேர்க்கும்.

இதன் ஆபத்தை எளிய கணக்கொன்று காட்டும். கடையில் குழாய் பெரும்பாலும் 6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 20 அடி நீளத்தில் வருகிறது. அதைச் சரிபாதியாக அறுத்தால் 3 மீட்டர். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, உறையில்லாத 11 கிலோவோல்ட் கம்பி தெருவைக் கடக்குமிடத்தில் தரையிலிருந்து 6.1 மீட்டரும், தெருவோரமாகச் செல்லுமிடத்தில் 5.8 மீட்டரும், வயல்வெளி போன்ற பிற இடங்களில் 4.6 மீட்டரும் குறைந்தபட்ச உயரத்தில் இருக்க வேண்டும். நடுத்தர உயரமுள்ள ஒருவர் 3 மீட்டர்க் குழாயின் அடியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தால் அதன் நுனி ஏறக்குறைய 4.9 மீட்டரைத் தொடும். விதிப்படி சரியான உயரத்தில் செல்லும் கம்பியையே கொல்லையில் அது எட்டிவிடுகிறது என்றால், தொய்ந்து தாழ்ந்த கம்பியையோ, மரக்கிளையிலோ டிராக்டர் டிரெய்லரிலோ ஏறி நின்று பறிப்பதையோ சொல்ல வேண்டியதில்லை. உயரழுத்த மின்சாரம், கம்பியை உலோகம் மிக நெருங்கியவுடன், முழுவதும் தொடுவதற்கு முன்பே காற்றைத் தாவி வரக்கூடியது.

ஆதலால் கம்பி செல்லும் இடத்தில் உலோகத் துறட்டியை எடுக்கவே கூடாது; கருவி எதுவாயினும் அதன் நுனிக்கும் கம்பிக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். காய்ந்த மூங்கிலோ கண்ணாடி இழைக் கழியோ குழாயைவிட மேலானது என்றாலும், பச்சை மூங்கிலும் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறக்கலாகாது. மரம் கம்பியோடு உரசுமானால் கிளையை வெட்டுவது மின் விநியோக நிறுவனத்தின் வேலை. சித்தூர் மாவட்டத்தில் அது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தென்பகுதி மின் விநியோக நிறுவனம், புகாருக்கான எண் 1912.

பட்டறையில் நிற்பவர்

வாடிக்கையாளருக்கு முன்பே ஆபத்தைச் சந்திப்பவர் வெல்டிங் செய்பவர். ஜி.ஐ. பைப்பின்மேல் பூசப்பட்டிருக்கும் துத்தநாகம் சுமார் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாக எழுகிறது. அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வந்து, ஓரிரு நாளில் தணிகின்றன. உலோகப் புகைக் காய்ச்சல் எனப்படும் இந்நோயைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி மறுவாரமும் அதே புகையில் நிற்பவர் பலர். பளபளக்கும் ஸ்பானரின் குரோமியப் பூச்சு இதைவிடக் கொடியது. வெல்டிங் சூட்டில் அதிலிருந்து வரக்கூடிய ஒருவகைக் குரோமியச் சேர்மம் புற்றுநோயை உண்டாக்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017இல் வெல்டிங் புகை முழுவதையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. எனவே பூச்சை ஒட்டுமிடத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம்வரை தேய்த்து நீக்குவதும், திறந்தவெளியில் காற்று முதுகுப்புறமிருந்து வருமாறு நிற்பதும், தகுந்த முகக்கவசம் அணிவதும் தவிர்க்க முடியாதவை.

மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்படலத்தைச் சுடுகிறது. எரிச்சலும் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் சில மணி நேரம் கழித்தே தொடங்குவதால் காரணம் பலருக்கும் புலப்படுவதில்லை. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இது நேரும். அப்போது வெங்காயச் சாறு, தாய்ப்பால் முதலியவற்றைக் கண்ணில் விடுவது புதிய தொற்றுக்கு வழிசெய்யும். குளிர்ந்த சுத்தமான துணியால் மூடிக்கொண்டு மருத்துவரிடம் செல்வதே முறை.

பொறுப்பு யாரைச் சேரும்

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பொருள் பொறுப்புடைமை என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் தனி அத்தியாயமாக இடம்பெற்றது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதைச் செய்தவரும் விற்றவரும் சேவை அளித்தவரும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர்கள் என்பது அதன் சாரம். ஆனால் அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த வேளையில் அப்பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்பனையாளர்மீது பொறுப்புடைமை வழக்குத் தொடர இயலாது என்கிறது; விற்பனையாளர் என்ற சொல்லின் வரையறைக்குள், தாமே விற்கும் உற்பத்தியாளரும் அடங்குவார். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பல ஆண்டு உத்தரவாதமும் பெற்ற ஸ்பானராகவே இருந்தாலும், ஒரு துண்டுக் குழாயை ஒட்டிய பிறகு அது முறிந்தால் விற்பனையாளரிடம் பொறுப்புக் கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். முத்திரை சான்று கூறுவது தொழிற்சாலையைவிட்டு வெளிவந்த நிலைக்கே.

அந்த வாசல் மூடும்போது வேறொன்று திறக்கிறது. பொருளை மாற்றியமைத்து விற்பவர், அம்மாற்றமே தீங்குக்கு முதன்மைக் காரணமாக அமைந்தால், தாம் உற்பத்தியாளர் அல்லர் என்றாலும் பொறுப்பாளியாவார் என்று 86ஆம் பிரிவு கூறுகிறது. கூலி பெற்றுக்கொண்டு ஒட்டு வைத்துத் தருபவர் சேவை அளிப்பவர். அவருடைய வேலை குறையுள்ளதாகவோ கவனக்குறைவானதாகவோ இருந்தாலும், தீங்கைத் தவிர்க்கத் தேவையான எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டாலும் 85ஆம் பிரிவின்படி அவர் பொறுப்பேற்க நேரிடும். எனவே பட்டறைக்காரர், இந்த இரும்பில் ஒட்டு நிற்காது என்று தமக்குத் தெரிந்ததை வெளிப்படையாகச் சொல்வதும், சொன்னதை ரசீதில் எழுதித் தருவதும் வாடிக்கையாளரைக் காப்பதோடு அவரையும் காக்கும்.

பிழைப்புக்காகத் தாமே உழைப்பவர் பயன்படுத்தும் கருவி வணிக நோக்கத்துக்கானதாகக் கருதப்படாது என்பதால் சிறு விவசாயியும் கைத்தொழிலாளியும் நுகர்வோரே. விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ விதிப்படி பில் தராதிருப்பதை இச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வகைப்படுத்துகிறது. புகாரை இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அளிக்க வேண்டும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எல்லைப்பகுதி மக்களுக்கு இச்சட்டம் தரும் பெரும் வசதி, புகார் செய்பவர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்கிடலாம் என்பது. வாணியம்பாடியிலோ கிருஷ்ணகிரியிலோ பெங்களூரிலோ வாங்கிய கருவிக்காகவும் ராமகுப்பத்தில் வசிப்பவர் சித்தூர் மாவட்டத்திலேயே நீதி கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேலை கொடுப்பவரின் கடமை

ஒட்டு வைத்த கருவியைத் தாம் வாங்காமல் முதலாளி கொடுத்ததால் பயன்படுத்தும் தொழிலாளியின் நிலை வேறு. வேலையின்போது வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு இழப்பீடு தரும் கடமையை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளிமேல் வைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அக்கடமையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டுள்ளது. கல் குவாரி, ஆழ்துளைக் கிணறு, மின்விசையால் இயங்கும் பட்டறை போன்ற வேலைகள் இதன் அட்டவணையில் அடங்குபவை.

இழப்பீட்டைக் கணக்கிடும் முறை தெளிவானது. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதக் கூலியின் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். பகுதி ஊனமானால் அத்தொகையில், இழந்த உறுப்புக்கென்று அட்டவணை குறிக்கும் சதவீதம் கிடைக்கும். கட்டைவிரலுக்கு 30, சுட்டுவிரல் முழுவதற்கும் 14, ஒரு கண்ணுக்கு 40 சதவீதம் என்பது அட்டவணையின் அளவு. மாதம் 10,000 ரூபாய் கூலி பெறும் 30 வயதுத் தொழிலாளி கட்டைவிரலை இழந்தால், 6,000 ரூபாயை அவ்வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கி வரும் 12,47,880 ரூபாயில் 30 சதவீதமாகிய 3,74,364 ரூபாய் அவருக்கு உரியது. ஆஸ்பத்திரிச் செலவோடு சில ஆயிரங்களைக் கையில் கொடுத்து வெள்ளைத்தாளில் கையொப்பம் கேட்பவரிடம் ஏமாறாதிருக்க இக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். குடிபோதை, பாதுகாப்புக்கென்று தெளிவாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய காரணங்கள் நிரூபிக்கப்பட்டால் உரிமை பாதிக்கப்படலாம். முதலாளியே கொடுத்த கருவி முறிந்தது என்பது இந்த விலக்குகளுள் ஒன்றல்ல. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் வைக்க வேண்டும்.

கையால் மட்டும் செய்யும் வயல்வேலை பல வேளைகளில் அட்டவணைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அதனால் விவசாயக் கூலிகள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்திருப்பது இன்றியமையாதது. 18 முதல் 70 வயதுவரை வங்கிக் கணக்குள்ள எவரும் சேரலாம், விபத்தில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாயும் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும்.

மின்கம்பி விபத்தில் மற்றொரு கோட்பாடு செயல்படுகிறது. இயல்பிலேயே ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன்மீது கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் அதனால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல்குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது; இது கடும் பொறுப்பு எனப்படும். எனினும் சரியான உயரத்தில் சென்ற கம்பியை உலோகத் துறட்டியால் தொட்டவரின் குடும்பம் எளிதில் வெல்லும் என்று சொல்ல இயலாது. கம்பி தாழ்ந்திருந்ததா என்பதே வழக்கின் உயிர்நிலையாகிறது. ஆகவே கம்பி இழுத்துக் கட்டப்படுவதற்கு முன்பே ஊரார் முன்னிலையில் புகைப்படம் எடுப்பதும், உயரத்தை மின் ஆய்வாளரைக் கொண்டு அளக்கச் செய்யக் கோருவதும், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதும் அவசரக் கடமைகள். கயிறோ கழியோ கொண்டு உயரத்தை அளக்க எவரும் தாமே முயலக்கூடாது.

முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஒட்டு வைப்பதற்கு முன் இது எந்த இரும்பு என்பதை அறிய வேண்டும். மென்னெஃகில் ஒட்டுவது எளிது, பொதுவாகப் பாதுகாப்பானது. ஆதலால் வெட்டும் வாயையோ அடிக்கும் முகத்தையோ தொடாமல், காம்பு நுழையும் குழையிலோ தனியாகச் செய்த மென்னெஃகுப் பிடியிலோ மாற்றத்தைச் செய்து, அதைப் போல்ட் கொண்டோ ஆணி அறைந்தோ கருவியோடு பிணைப்பது மிகச் சிறந்த வழி. ஸ்பிரிங் பட்டையில் ஒட்டியே தீர வேண்டுமானால், ஒட்டுமிடத்தை 200 டிகிரி அளவுக்கு முன்சூடாக்கி, உலர்த்தி எடுத்த குறைந்த ஹைட்ரஜன் ராடைப் பயன்படுத்தி, முடிந்ததும் தண்ணீரில் நனைக்காமல் காய்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். வெட்டுவாயின் பதம் போய்விட்டால் அதைத் திரும்ப ஊட்டக் கொல்லுப்பட்டறைக்கே செல்ல வேண்டும். அரம், உளி, சம்மட்டித் தலை, குரோமியம் பூசிய ஸ்பானர் ஆகியவற்றில் ஒட்டு வைக்கவே கூடாது.

ஒட்டிய கருவியை மூன்று நாள் வேலைக்கு எடுக்காமல் வைத்திருந்து, பின்னர் ஒட்டின்மேல் மண்ணெண்ணெய் தடவிச் சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டுச் சுண்ணப்பொடியைத் தூவினால், விரிசல் இருக்குமிடத்தில் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து கருங்கோடாகத் தெரியும். அந்தக் கோடு தெரிந்த கருவியை மறுபடி ஒட்டாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

காயம் நேர்ந்தால் முதல் கடமை உயிர்காப்பு. கண்ணில் சில்லுப் பாய்ந்தால் கசக்காமலும் பிடுங்காமலும் கண்ணை அழுத்தாதவாறு மூடி மருத்துவமனை செல்ல வேண்டும். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். விரல் நேராகப் பனியைத் தொடலாகாது. உயரழுத்தக் கம்பியோடு கிடப்பவரை மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை குச்சியாலும் நெருங்கக்கூடாது. 1912, 108 ஆகிய இரு எண்களையும் உடனே அழைக்க வேண்டும். அதன்பின், முறிந்த கருவியின் இரு துண்டுகளையும் எறியாமல், மறுபடி ஒட்டாமல், துடைக்காமல் ஒரு துணியில் பொதிந்து வைக்க வேண்டும். ரசீது, மருத்துவச் சீட்டு, கூலி பெற்றதற்கான சான்று, உடனிருந்தவர் பெயர் ஆகியவற்றோடு அந்தத் துண்டுகளே வழக்கில் பேசும் சாட்சிகள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதால் எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை நேரிலோ 15100 என்ற எண்ணிலோ அணுகலாம். தெலுங்கு எழுதத் தெரியாது என்ற தயக்கமும் வேண்டாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் வழங்கியிருக்கிறது. தலைமுறைகளாக இம்மண்ணில் வாழும் தமிழர் தம் மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.

கருவியை மாற்றுவது உழைப்பவரின் அறிவுக்கும் தேவைக்கும் அடையாளம். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் முனையவில்லை. ஆயினும் பட்டறை வாசலில் நிற்கும் ஒவ்வொருவரும், ராடு இரும்பைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: இது எந்த இரும்பு, இந்த ஒட்டு எவ்வளவு தாங்கும், இதை எழுதித் தருவீர்களா? அந்த மூன்றாம் கேள்விக்கு விடையாக வரும் ஒரு துண்டு ரசீதை, கருவி கையில் இருக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.